சுறா மாப்பிள்ளைக்கு இரண்டு வரி

பினாங்கு,
12 ஆகஸ்ட் 1951

அன்புள்ள அக்கா சம்சியாவுக்கு, தம்பி ஹபீப் முகம்மது ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கே சுகம். கோலா கெத்திலில் நீயும் மச்சானும் சுகம்தானே? மச்சானின் இடுப்புவலி எப்படி இருக்கிறது?

மீன் இலாகாவில் வேலை கிடைத்தது என்று எழுதியதற்கு, "இவ்வளவு படித்துவிட்டு மீன் விற்கவா போகிறாய்?" என்று கேட்டிருந்தாய். மீன் விற்பது மச்சானின் தொழில். என் தொழில், பிடித்த மீனைத் திரும்பக் கடலிலேயே விடுவது. சிரிக்காதே, இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

கொம்பன் சுறா உனக்குத் தெரியும், மச்சான் கடையில் உப்புப் போட்டுக் காயவைக்கும் அதே சுறாதான். சில மாதங்கள் நம் கரையோரம் கூட்டமாக வரும், பிறகு ஒன்றுகூடக் கண்ணில் படாது. எங்கே போகிறது? கடலடிச் சேற்றில் படுத்துத் தூங்குகிறது என்கிறார்கள் மீனவர்கள். எங்கள் துரை நம்பவில்லை. அதனால் தூண்டிலில் மாட்டும் சுறாவைப் படகோடு அணைத்துப் பிடித்து, அதன் முதுகுத் துடுப்பில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வில்லை ஒன்றைக் கம்பியால் கோத்து விடுகிறோம். வில்லையில் ஓர் எழுத்தும் ஒரு நம்பரும் இருக்கும். பெரிய சுறாவாக இருந்தால் கூடவே ஒரு கண்ணாடிக் குழாயும் கட்டுவோம். சேமியா போல மெல்லியது, ஒரு முனை அடைத்தது, உள்ளே வயலட் தூள் பூசியது. சுறா ஆழத்துக்குப் போகப் போக, கடல் தண்ணீர் உள்ளே இருக்கும் காற்றை நெருக்கிக்கொண்டு மேலே ஏறும். ஏறிய இடம் வரை தூள் கரைந்துவிடும். பிறகு சுறா மேலே வந்தாலும் கரைந்தது கரைந்ததுதான். மிச்சமிருக்கும் தூளை அளந்தால், ஒரு பாகம் ஆறடி என்ற கணக்கில் அது எத்தனை பாகம் ஆழம் போய் வந்தது என்று சொல்லிவிடலாம்.

விட்ட இடம் எங்களுக்குத் தெரியும். பிடிபட்ட இடத்தைப் பிடித்தவர்தான் சொல்ல வேண்டும். மீன் இறங்கும் துறைகளில் எல்லாம் அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம், இதுவரை ஒரு வில்லைகூடத் திரும்பி வரவில்லை. மச்சான் மீன் வாங்கப் போகும்போது தஞ்சோங் டாவாய் ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும். குழாய் கிடைத்தால் தண்ணீர் படாமல் பஞ்சில் சுற்றி வைக்க வேண்டும்.

உன் துஆவை நாடும் தம்பி,
ஹபீப்

●

கோலா கெத்தில்,
2 செப்டம்பர் 1951

அன்புத் தம்பி ஹபீபுக்கு, அக்கா சம்சியா துஆவுடன் எழுதுவது. உன் சுகம் அறிந்து சந்தோஷம். எங்கள் சுகத்துக்கும் குறைவில்லை.

பிடிப்பானாம், விடுவானாம், அதற்கு ஒரு துரையாம். இங்கே தலைகீழ். பிடித்தால் விடுவதே இல்லை. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள், பொழுது சாயும் முன்பே கேட்டைப் பூட்டுகிறார்கள். நம் கடை மீனைச் சைக்கிளில் கொண்டுபோகும் பிச்சையை ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்தி, மீனின் வாயைக்கூடத் திறந்து பார்க்கிறார்களாம், உள்ளே அரிசி இருக்கிறதா என்று. பால் டின் விற்றால் நானே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். முழு டின் என்றால், காட்டுக்குள் ஒளிந்து கவர்மெண்டோடு சண்டை போடுகிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். கை வலிக்கிறது, போ.

சந்தோஷமான சேதி ஒன்று. சுங்கைப் பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் தன் மகள் சைதூனை உனக்குத் தரச் சம்மதித்துவிட்டார். அடுத்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நிக்காஹ். அம்மாவும் அத்தாவும் இல்லாத குறை தெரியாமல் மச்சான் முன்னே நின்று செய்வார். இப்போதே துள்ளிக்கொண்டிருக்கிறார்.

வழக்கம்போல அடியில் இரண்டு வரி இடம் விடச் சொல்கிறார். விட்டிருக்கிறேன். அவர் எழுதி, அவரே உறையை ஒட்டுவார். நான் பார்க்கக் கூடாதாம். ஆம்பிளைகள் சமாச்சாரமாம்.

அன்புடன்,
சம்சியா

சுறா மாப்பிள்ளைக்கு ஜபருல்லாவின் ஸலாம். தஞ்சோங் டாவாயில் சொன்னேன். நம்பர் போட்ட கவர்மெண்டு சாமான் கையில் இருந்தால் போலீஸ் மாத்தா பிடிப்பான் என்று பயந்து, வில்லையைத் தண்ணீரிலேயே வீசிவிடுகிறார்களாம், அதற்கு ஒரு வழி பார்க்கிறேன். இடுப்புவலி உன் அக்கா வைக்கும் மீன் ஆணத்தைவிடத் தேவலை.

●

பினாங்கு,
4 நவம்பர் 1951

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் ஸலாம். நேற்றுத்தான் கரை சேர்ந்தோம். முகம் கருகியிருக்கிறது, மற்றபடி சுகம். சைதூன் வீட்டார் இப்போது வந்து என்னைப் பார்க்காமல் இருந்தால் நல்லது.

பெராக் தீவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பெண் சுறா மாட்டியது. படகில் பாதி நீளம். என் கையாலேயே வில்லை கோத்தேன். நம்பர் 61. குழாய்க்குத் தூள் பூசியதும் நான்தான். தலையின் ஒரு கோடியில் இருந்த கண்ணால் என்னைப் பார்த்தது பார், கடன்காரனைப் பார்ப்பதுபோல. கட்டை அவிழ்த்ததும் ஒரு தடவை உடம்பை முறுக்கி நேராகக் கீழே போயிற்று. கயிறு விட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் ஐம்பது பாகத்தில் தரை தட்டியது. அதற்குமேல் அது எங்கே போகும் என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். துரை தோளைத் தட்டி அழைக்க வேண்டியதாயிற்று.

ஆனால் வில்லை ஒன்றும் திரும்பி வரவில்லை. துரையின் முகம் வாடிப்போய்விட்டது. அடுத்த பெருநாளுக்குள் ஏதாவது வராவிட்டால் இந்த வேலையையே மூடிவிடுவார்கள் போலிருக்கிறது.

என் வேலையை நிரந்தரமாக்குவதற்கு எழுதியிருக்கிறார்கள். இந்தக் காலத்தில் அதற்குப் போலீஸ் சீட்டு வேண்டுமாம், குடும்பத்தில் யார் மேலும் கேஸ் இல்லை, காட்டு ஆட்களோடு தொடர்பு இல்லை என்று. நம் குடும்பத்தில் கேஸ் என்றால், நீ மச்சானுக்குச் சோறு போடும்போது போடும் கேஸ்தான். அதனால் கவலை இல்லை.

பிரியமுள்ள,
ஹபீப்

●

கோலா கெத்தில்,
27 ஜனவரி 1952

அன்புத் தம்பிக்கு அக்காவின் துஆ. சுகம். உன் சுகத்துக்குப் பதில் எழுது.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதே. கடையில் வேலை. மச்சான் வெளியூர் போயிருக்கிறார். மீனைப் பிச்சையே போய் எடுத்து வருகிறான். நான் கடையில் உட்காருகிறேன். இங்கே மழை இல்லை.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

சம்சியா

●

பினாங்கு,
18 பிப்ரவரி 1952

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். நான் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

ஏறக்குறைய மூன்று மாதம் கடிதமே இல்லை. வந்த கடிதத்திலும் திட்டு இல்லை, கேலி இல்லை, மழை இல்லை என்பதுதான் இருக்கிறது. அடியில் மச்சானின் இரண்டு வரியும் இல்லை. வெளியூர் என்றால் எந்த ஊர்? ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏறியிருந்தால்கூட ஊருக்கெல்லாம் விருந்து வைத்துவிட்டல்லவா போயிருப்பார்? அவர் கைப்பட ஒரு வரி எழுதச் சொல். கல்யாணத்துக்கு எத்தனை பேரை அழைப்பது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

வில்லை எதுவும் வரவில்லை. 61 இப்போது எங்கே இருக்கிறதோ.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
ஹபீப்

●

கோலா கெத்தில்,
9 மார்ச் 1952

அன்புத் தம்பிக்கு அக்காவின் துஆ. இங்கே எல்லாரும் சுகம்.

நீ வீணாகக் கவலைப்படுகிறாய். மச்சான் வந்தார், திரும்பவும் சரக்கு விஷயமாகப் போகிறார். உனக்கு எழுத நேரமில்லை என்றார், நான்தான் பிடித்து உட்காரவைத்து எழுதச் சொன்னேன்.

பிச்சை ஒன்று கேட்கச் சொன்னான். அந்த வில்லைகள் யாரிடமாவது இருந்து, அவர் உடனே அனுப்பாமல் பல மாதம் வைத்திருந்தால், அது குற்றமா? கவர்மெண்டு சாமானை மறைத்தது என்று ஆகுமா? அதற்கு என்ன தண்டனை? அவருக்குச் சொந்தக்காரர் யாராவது இலாகாவில் இருந்தால் அவருக்கும் கெடுதல் வருமா? பிச்சைதான் கேட்கிறான். தெரிந்தால் உடனே எழுது.

அன்புடன்,
சம்சியா

அன்பு மைத்துனர் ஹபீபுக்கு ஸலாம். நான் நலம். வியாபாரம் நன்றாக நடக்கிறது. கவலைப்பட வேண்டாம். இப்படிக்கு, ஜபருல்லா.

●

பினாங்கு,
16 மார்ச் 1952

அக்கா, ஸலாம்.

பிச்சைக்கு முதலில் பதில். குற்றமே இல்லை. யார் எத்தனை மாதம் வைத்திருந்தாலும் தண்டனை கிடையாது. ஒரே ஒரு வில்லையை யாராவது கொண்டுவந்து கொடுத்தால்கூட எங்கள் துரை நாற்காலியை விட்டு எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொள்வார். இலாகாவில் இருக்கும் சொந்தக்காரருக்குக் கெடுதல் என்ன, பெருமைதான்.

இனி நான் கேட்கிறேன். மச்சானின் கையெழுத்தை நன்றாகவே போட்டிருக்கிறாய். ஆனால் அவர் என்னை என்ன சொல்லி அழைப்பார் என்று உனக்குத் தெரியாது. அந்த வரிகளை அவர் உன் கண்ணில் காட்டியதே இல்லை. ஒரு நாளும் என்னை மைத்துனர் என்றோ ஹபீப் என்றோ எழுதியதில்லை. நலம் என்று எழுதியதும் இல்லை. இடுப்பைப் பற்றி ஏதாவது முனகாமல் அவர் பேனாவை மூடியதில்லை.

மச்சான் எங்கே, அக்கா? இந்த வாரத்துக்குள் எழுதாவிட்டால் லீவு போட்டுவிட்டு நானே பஸ் ஏறுவேன்.

ஹபீப்

●

கோலா கெத்தில்,
22 மார்ச் 1952

என் தம்பிக்கு அக்காவின் ஸலாம். இந்தக் கடிதத்தை வழியில் பிரித்துப் பார்ப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கும் என் ஸலாம். பார்த்துக்கொள்ளட்டும், இனி மறைக்க ஒன்றுமில்லை.

குற்றமே இல்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் உன் மச்சான் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

அவரைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஜனவரியில் போலீஸ்காரர்கள் கடையைச் சோதனை போட வந்தார்கள். அரிசிக் கணக்குச் சரி. டின்கள் சரி. உப்பு மூட்டைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தார்கள். உள்ளே உன் வில்லைகள், கம்பியில் மாலைபோலக் கோத்தபடி. பஞ்சுக்குள் உன் கண்ணாடிக் குழாய்.

எனக்கே அன்றுதான் தெரியும். கடலில் வீச வேண்டாம், பழி வந்தால் என் மேல் என்று தஞ்சோங் டாவாய் ஆட்களிடம் சொல்லி, ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருக்கிறார். உனக்கு அனுப்பாமல் ஏன் வைத்திருந்தார் தெரியுமா? உன் கல்யாணத்துக்கு மச்சான் வைக்கும் சீர்த் தட்டில், பழத்துக்கும் சீனிக்கும் நடுவே அந்த மாலையை வைத்து, சபையில் உன் கையில் கொடுக்க வேண்டுமாம். சுங்கைப் பட்டாணிக்காரர்கள் வாயைப் பிளக்க வேண்டுமாம். வேட்டி, சட்டை, மோதிரம் என்று உலகத்தில் எத்தனையோ இருக்க, இப்படி ஓர் ஆசை எந்த மனுஷனுக்காவது வருமா?

அந்த நம்பர்கள் காட்டு ஆட்கள் அரிசி வாங்கக் கொண்டுவரும் அடையாளம் என்றார்கள். குழாயைப் பார்த்ததும் அதைவிட மோசமாக எதையோ நினைத்தார்கள். இது என்ன, யார் கொடுத்தது என்று எத்தனையோ தடவை கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. அடைத்து வைத்திருக்கும் கேம்பில் ஒரு முறை என்னைப் பார்க்க விட்டார்கள். "கவர்மெண்டு சாமான இத்தன நாளு பதுக்கி வச்சது என் தப்பு. அவன் பேர சொன்னா அவனையும் இழுப்பாங்க. போலீஸ் சீட்டு வர்ற நேரம். ஒன் வாயில அவன் பேரு வரக்கூடாது, சம்சியா," என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதக் கடைசியில் விசாரணை. அதிலும் பேசாமல் இருந்தால் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்களாம். எட்டு வயதில் மாமன் கையைப் பிடித்து இங்கே வந்த மனுஷன். அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்? கப்பல் கரை சேர்ந்தால் எந்தப் பக்கம் நடப்பார்?

உன் வேலையா, என் புருஷனா என்று இத்தனை நாளும் தராசு பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது கீழே வைத்துவிட்டேன். உனக்குக் கெடுதல் இல்லை என்று நீ எழுதியிருக்கிறாய். அது பொய்யாகி உன் வேலை போனாலும் போகட்டும், தம்பி. அவர் எனக்கு வேண்டும்.

சம்சியா

●

பினாங்கு,
20 ஏப்ரல் 1952

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். மச்சானைப் பார்த்துவிட்டு வந்தேன். இளைத்திருக்கிறார், நடக்கிறார், இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உன் கடிதம் வந்த அன்றே துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டதும் அவர் முதல் கேள்வி, "குழாய் உடையாமல் இருக்கிறதா?" எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைக் குத்திவிட்டேன். அவர் முகம் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டார். கேம்புக்குள் போக அனுமதி வாங்கத்தான் இத்தனை நாள் ஆயிற்று. கிடைத்த அன்றே அவரே காரை எடுத்தார்.

ஓர் அறையில் மேஜை போட்டு விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். மச்சானைக் கூட்டி வந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது. ஒரு கணம்தான். இவர் யார் என்று கேட்டார்கள். "தெரியாதுலா. பார்த்ததே இல்ல," என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அக்கா. சின்ன வயதில் நீ எனக்கு ஊட்டிய சோற்றில் பாதியை அவர் ஊட்டியிருக்கிறார்.

துரை சட்டைப் பையிலிருந்து ஒரு புது வில்லையையும் புதுக் குழாயையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். மச்சான் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மச்சான், இது குற்றமில்ல. சுறாவப் பத்தி சொல்லுங்க," என்றேன்.

"ஒன் வேல?"

"தெரியல. போனா போவட்டும்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அப்புறம் நிறுத்தவே இல்லை. எந்த வில்லை எந்தப் படகில் வந்தது, தூண்டிலா வலையா, எத்தனை பாகத்தில் மாட்டியது, காற்று எந்தப் பக்கம், வயிற்றில் என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "அறுபத்தொண்ணுதான் பெருசு. டிசம்பர்ல மெர்போக் ஆத்து வாயில மாட்டுச்சி. வயித்துல குட்டி இருந்துச்சிலா. குழாய நாந்தான் அவுத்தேன், தண்ணி படல," என்றார். காட்டு ஆட்களைப் பற்றி எழுதத் திறந்து வைத்திருந்த காகிதத்தில் அந்த அதிகாரி சுறாக்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் பதிவோடு எல்லா நம்பரும் பொருந்தியதைத் துரை எடுத்துக் காட்டினார்.

குழாயை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்ப முத்திரை போட்டு வைத்திருக்கிறார்களாம். நல்லவேளையாக யாரும் உடைக்கவில்லை.

விடுவார்களா என்று கேட்டேன். மேலிடம் முடிவு செய்யும் என்றார்கள். கப்பலைப் பற்றிக் கேட்டதற்கும் அதே பதில்தான். பொய்யாக நம்பிக்கை சொல்ல எனக்கு வரவில்லை. தைரியமாக இரு.

ஹபீப்

●

கோலா கெத்தில்,
29 மே 1952

தம்பிக்கு ஸலாம். நோன்பு தொடங்கிவிட்டது. நீ கடலில் நோன்பு வைக்கிறாயா? முடியாவிட்டால் பிறகு வைத்துக்கொள், உடம்பு முக்கியம்.

இந்தியாவுக்கு ஆள் ஏற்றும் கப்பல் போய்விட்டது. போகிறவர்களை வழியனுப்பப் பினாங்குக்குப் போன இரண்டு தோட்டத்துக் குடும்பங்களிடம் பிச்சை விசாரித்தான். மச்சானை அவர்கள் பார்க்கவில்லையாம். அடுத்த கப்பலுக்கு வைத்திருக்கிறார்களோ என்னவோ, கேட்டால் சொல்பவர் யாருமில்லை. கேம்புக்கு அனுப்பிய கைலிச் சாரமும் பேரீச்சம்பழமும் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியவில்லை.

நோன்பு திறக்கும்போது இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறேன். தினமும் இதே தப்பைச் செய்கிறேன்.

சம்சியா

●

பினாங்கு,
12 ஜூன் 1952

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். நோன்பு வைக்கிறேன், சுகம். மச்சானைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. துரை இன்னொரு கடிதம் எழுதிப்போட்டிருக்கிறார். என் போலீஸ் சீட்டும் வரவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆனாலும் இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முத்திரை போட்ட உறையில் குழாய் எங்களிடம் வந்துவிட்டது. மச்சான் சுற்றிய பஞ்சு அப்படியே இருந்தது. துரை கைகழுவிக்கொண்டு வந்து, விளக்கடியில் வைத்து அளந்தார். தன் அளவு சரியில்லை என்று சொல்லி என்னை அளக்கச் சொன்னார். நானும் அளந்தேன். குழாயின் நுனியில் நகக்கண் அளவுக்குத்தான் வயலட் மிச்சம். மற்றதெல்லாம் கரைந்துபோயிருந்தது. கணக்குப் போட்டால் இருநூறு பாகத்துக்கு மேல் வருகிறது.

நம் பக்கத்துக் கடலில் அவ்வளவு ஆழமே கிடையாது, அக்கா. அப்படியென்றால் 61 சேற்றிலும் தூங்கவில்லை, இந்தக் கரையிலேயே சுற்றிக்கொண்டும் இருக்கவில்லை. பெராக் தீவையும் தாண்டி, அந்தமான் பக்கத்துப் பெருங்கடலுக்குப் போய், வெளிச்சமே எட்டாத இடம் வரை இறங்கி ஏறி, குட்டி போடுவதற்கு மெர்போக் ஆற்று வாய்க்குத் திரும்பி வந்திருக்கிறது. இதை உலகத்தில் முதலில் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள் இருவர். தெரிந்ததும் எனக்கு மச்சானிடம்தான் சொல்ல வேண்டும்போல இருந்தது. அவர் இல்லாததால் உனக்கு எழுதுகிறேன்.

இலாகா வேலை தொடர்ந்து நடக்கும். இனி வில்லையில் நம்பரோடு முகவரியும் அச்சடிக்கப் போகிறார்கள், "திருப்பி அனுப்பவும்" என்று மூன்று மொழியில். முதலிலேயே செய்திருக்க வேண்டும். துரை இதை வாய்விட்டுச் சொன்னார்.

ஹபீப்

●

கோலா கெத்தில்,
30 ஜூன் 1952

அன்புத் தம்பி ஹபீபுக்கு அக்கா சம்சியாவின் துஆ. சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம்.

பெருநாளுக்கு நான் ஒன்றும் சமைக்கவில்லை. அது கழிந்து நாலு நாள் ஆகி, வெயில் நேரத்தில் கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஒரு பால் டின்னில் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அவர் நிற்கிறார். நான் அனுப்பிய சாரத்தைத்தான் கட்டியிருந்தார். "என்னாலா, எல்லா டின்னையும் நீயே ஓட்ட போட்டுட்டியா?" என்றார். ஆணி எங்கே போய் விழுந்தது என்று தெரியவில்லை, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் முழுசாக விடவில்லை. வாரம் ஒரு தடவை ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஊரைத் தாண்டக் கூடாது, தஞ்சோங் டாவாய்க்குக்கூட. மீனுக்குப் பிச்சைதான் போக வேண்டும். உன் நிக்காஹுக்குச் சுங்கைப் பட்டாணி வர அனுமதி கேட்டிருக்கிறார். கிடைக்காவிட்டால் சைதூன் வீட்டாரை இங்கே வரச் சொல்வேன். வர மாட்டார்களா என்ன? வருவார்கள், நான் போய்க் கேட்கும் விதத்தில் கேட்டால்.

உன் இருநூறு பாகம் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். கடைப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பிச்சையைக் கூப்பிட்டு அவனுக்கு ஒரு தடவை சொன்னார். மீன் வாங்க வந்த இருளப்பனுக்கு ஒரு தடவை. ஊரில் இனி யாருக்கும் தெரியாமல் இல்லை.

கேம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் சாப்பாடு பரவாயில்லை என்கிறார், கூட்டாளிகள் நல்லவர்கள் என்கிறார், பேச்சை மாற்றிவிடுகிறார். சட்டை அவருக்குத் தொளதொள என்று கிடக்கிறது. நானும் திரும்பத் திரும்பக் கேட்பதில்லை. ஆணம் வைக்கிறேன், குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறார். எனக்கு அது போதும்.

அடியில் இடம் விடச் சொல்கிறார். விட்டிருக்கிறேன். உறையை அவரே ஒட்டட்டும். நான் பார்க்க மாட்டேன்.

மிகுந்த அன்புடன்,
சம்சியா

சுறா மாப்பிள்ளைக்கு ஜபருல்லாவின் ஸலாம். எனக்கும் நம்பர் போட்டு ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள், உன் வில்லையைவிட ஒசத்தி, முகவரியோடு. வழியில் யார் பிடித்தாலும் கோலா கெத்திலுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். எத்தனை பாகம் ஆழம் போய் வந்தேன் என்று மட்டும் உன் அக்காவுக்குச் சொல்லிவிடாதே.